பாத்திரத்தை அளந்துவிட்டு அடுப்புக் கடைக்குப் போங்கள்

புது வீட்டில் பால் காய்ச்சினால் அது பொங்கி வழிய வேண்டும். யாராவது அவசரப்பட்டு அதற்குள் அணைத்துவிட்டால் பெரியவர்கள் முகம் வாடிவிடும். ஆக, நம் ஊரில் ஒரு கேஸ் அடுப்பு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதன் பர்னர் மேல் பால் வழிகிறது. அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குக் கஞ்சி வழியும், பருப்பு நுரைத்து வழியும், ரசம் பொங்கும், குக்கர் விசிலோடு மஞ்சள் தண்ணீர் தெறிக்கும். அடுப்பு வாங்குவதைப் பற்றிய பேச்சை இந்தக் காட்சிகளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடையிலோ இரண்டே கேள்விகள்தான் வருகின்றன: எத்தனை பர்னர்? கண்ணாடியா, ஸ்டீலா?

சில வருஷங்களுக்கு முன் அம்மாவுக்கு மூன்று பர்னர் அடுப்பு வாங்கிக் கொடுத்தோம். பழைய இரண்டு பர்னர் அடுப்பு தேய்ந்துபோயிருந்தது. மூன்று இருந்தால் காலையில் வேலை சீக்கிரம் முடியும் என்று நாங்களே முடிவு செய்தோம். ஒரு மாதம் கழித்துப் போனபோது நடு பர்னர் மேல் உப்பு ஜாடி உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு அம்மா சொன்னார்: “மூணு அடுப்பு இருந்து என்னப்பா, சேந்தாப்ல ரெண்டு பாத்திரம் வைக்க முடியலையே.”

அளந்து பார்த்தேன். பக்கத்துப் பக்கத்து பர்னர்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 24 செ.மீ. இருந்தது. அம்மாவின் இட்லிப் பானை 30 செ.மீ. அகலம், குக்கர் 24 செ.மீ. இரண்டையும் அருகருகே வைக்க, இரண்டின் பாதியையும் கூட்டினால் 15, 12, ஆக 27 செ.மீ. தேவை. ஒன்றின் பக்கச் சூடு இன்னொன்றின் பிடியைத் தாக்காமல் இருக்க இன்னும் மூன்று செ.மீ. விட்டால் 30. அந்த அடுப்பில் இது நடக்கவே நடக்காது. இட்லிப் பானையை ஒரு ஓரத்தில் வைத்தால் நடு பர்னர் செத்துவிடும். மூன்று பர்னருக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டில் சமைத்துக்கொண்டிருந்தார் அம்மா. அதுவும் பழைய அடுப்பைவிட நெருக்கடியாக.

இதனால்தான் கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை செய்யச் சொல்கிறேன். தினமும் அடுப்பேறும் பாத்திரங்களை எடுத்து, பழைய செய்தித்தாளில் கவிழ்த்து, சுற்றிக் கோடு போட்டு வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். தோசைக்கல், குக்கர், இட்லிப் பானை, வாணலி, பால் பாத்திரம். குக்கருக்கும் வாணலிக்கும் கைப்பிடியையும் சேர்த்து வெட்ட வேண்டும், ஏனென்றால் இடத்தை அடைப்பது பெரும்பாலும் கைப்பிடிதான். அந்தத் தாள்களைக் கடையில் அடுப்பு மேல் பரப்பிப் பார்த்தால் எந்த விளம்பரத் தாளும் சொல்லாதது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். விற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். தாளிக்கும் கரண்டியை மட்டும் நேராகவே எடுத்துப் போங்கள். பெரிய பர்னரைச் சுற்றி அகலமாக நான்கு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் அடுப்புகளில் அது நிற்காமல் நடுவில் விழும். சின்ன பர்னர் மேல் கம்பிகள் நெருங்கி வருகின்றனவா, அல்லது மேலே போட ஒரு சின்ன வளையம் தருகிறார்களா என்று பார்க்க வேண்டும். அடி உருண்ட இருப்புச்சட்டி ஆடாமல் உட்காருமா என்பதும் கடையிலேயே தெரிய வேண்டிய விஷயம். சூடான எண்ணெயோடு ஆடும் சட்டியைவிட ஆபத்தான பொருள் சமையலறையில் குறைவு.

பெரிய பர்னர் ஒன்று, சின்னது ஒன்று என்ற ஏற்பாடு கேஸோடு வந்தது இல்லை. மண்ணால் செய்த கொடியடுப்பில் விறகு எரிவது ஒரு வாயில்தான். அதன் சூடு பக்கத்துக் கொடி வழியாகப் போய் இரண்டாவது பாத்திரத்தைச் சுட வைக்கும். பெரிய வாயில் சோறு பொங்கும், கொடியில் குழம்பு கொதிக்கும் அல்லது வெந்நீர் காயும். ஒன்று வேகத்துக்கு, ஒன்று பொறுமைக்கு. இன்றும் நம் சமையல் அப்படித்தான் ஓடுகிறது. அதனால் மூன்றும் ஒரே அளவு பர்னராக உள்ள அடுப்பைவிட, நல்ல இடைவெளியோடு ஒரு பெரியதும் ஒரு சின்னதும் உள்ள அடுப்பு பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும்.

இனி தீயின் கணக்கு. “இதுல தீ நல்லா வரும்” என்று கடையில் சொல்வார்கள். வீட்டு சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு இருந்தாலும், ரெகுலேட்டர் அதைக் குறைத்து சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்ற அளவில்தான் வெளியே விடுகிறது. 30 செ.மீ. உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம், அவ்வளவுதான். எல்லா வீட்டிலும் எல்லா அடுப்புக்கும் இதே அழுத்தம். அப்படியானால் ஒரு பர்னர் எவ்வளவு சூடு தரும் என்பதை முடிவு செய்வது அதற்குள் இருக்கும் ஜெட், அதாவது ஊசித் துளை போன்ற அந்தப் பித்தளைத் துண்டு. துளை பெரிதானால் கேஸ் அதிகம் வரும். ஆனால் கேஸுக்குத் தகுந்த காற்றும் உள்ளே கலக்க வேண்டும். காற்று போதாவிட்டால் தீ மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும்.

தெருவில் கூவிக்கொண்டு வரும் ரிப்பேர்காரர்களில் சிலர் ஜெட்டில் கம்பியை விட்டுக் குடைந்துவிடுவதுண்டு. அன்றைக்குத் தீ உயரமாக வரும், நமக்கும் திருப்தியாக இருக்கும். துளை அகலமாகிவிட்டதால் அதற்கப்புறம் கேஸ் வீணாகும், கரி பிடிப்பதும் நிற்காது. அடைத்த ஜெட்டை ஊதியோ கழுவியோ சுத்தம் செய்யலாம், இல்லையென்றால் புதிதாக மாற்றலாம். சின்னப் பொருள்தான் அது.

சூட்டை மின்சார பில் கணக்கிலேயே பார்த்தால் எளிதாகப் புரியும். ஒரு கிலோ கேஸில் சுமார் 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டர் முழுவதும் ஏறக்குறைய 180 யூனிட். இரண்டு கிலோவாட் பர்னரை முழுத் தீயில் ஒரு மணி நேரம் எரித்தால் 2 யூனிட், அதாவது 155 கிராம் சொச்சம் கேஸ். அந்த ஒரு பர்னரை மட்டும் முழுத் தீயில் எரித்தால் சிலிண்டர் சுமார் 90 மணி நேரம் வரும்.

இதில் பாத்திரத்துக்குள் போகும் சூடு எவ்வளவு? வீட்டு கேஸ் அடுப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4246, குறைந்தது 68 சதவீதமாவது பாத்திரத்துக்குப் போக வேண்டும் என்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்வதன் ஒரு காரணம் இது. மீதி 32 சதவீதம் சமையலறைக்கும், அங்கே நிற்பவருக்கும். சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கும் வேதனை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 68 சதவீதத்தில், இரண்டு கிலோவாட் பர்னர் 30 டிகிரியில் இருக்கும் ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 18 நிமிஷம் ஆகும். மூன்று கிலோவாட் பர்னர் 12 நிமிஷத்தில் செய்துவிடும்.

இப்போது நட்சத்திரக் குறியிட்ட அடுப்புகளும் வருகின்றன. 68 சதவீத அடுப்புக்குப் பதில் 72 சதவீத அடுப்பு வாங்கினால் என்ன மிச்சம்? முன்பு 14.2 கிலோ செலவான சமையலுக்கு 13.4 கிலோ போதும். சிலிண்டருக்கு 800 கிராம். வருஷத்துக்கு எட்டு சிலிண்டர் வாங்கும் வீட்டில் ஆறு கிலோவுக்கு மேல் மிச்சம், பாதி சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல மிச்சம்தான், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சதவீதம் சோதனைக்கூடத்தில் காற்று அலையாத அறையில், பர்னருக்கு ஏற்ற அளவில் மூடியிட்ட பாத்திரத்தை வைத்து எடுத்தது. வீட்டில் 15 செ.மீ. பால் பாத்திரத்தை மூன்று கிலோவாட் பர்னர் மேல் வைத்து, தீ பக்கவாட்டில் ஏறி நக்கிக்கொண்டிருந்தால் எந்த நட்சத்திரமும் உதவாது. ஜன்னல் காற்று அடிக்கும் மேடையிலும் அதே கதை. பெரிய பர்னர் வாங்குவதால் மிச்சம் வராது. பாத்திரத்தின் அடிக்குள் அடங்கும் தீ இருந்தால்தான் வரும். பாத்திரத்தை அளக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

தோசைக்கல்லுக்கு வேறு நியாயம். அங்கே தீ ஒரே இடத்தில் கூர்மையாக எழுந்தால் நடுவில் கருகி ஓரத்தில் வேகாமல் நிற்கும். இரண்டு வளையமாகத் தீ பரவும் அகலமான பர்னர் தோசைக்கு நல்லது. கல் கனமாக இருந்தால் சூடு பரவ உதவும், ஆனால் அடுப்பின் கம்பிகளும் அந்தக் கனத்தைத் தாங்க வேண்டும்.

எல்லோரும் மறப்பது சிம். தீயைக் கூட்டுவதில் எல்லா அடுப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். குறைப்பதில்தான் தரம் தெரியும். பாயசம் குறுகவும், சாம்பார் அடி பிடிக்காமல் கொதிக்கவும், பால் சுண்டவும் தீ சின்னதாக, அதே நேரத்தில் அணையாமல் நிற்க வேண்டும். கடையில் கேஸ் இணைப்பு இருக்காது என்பதால் அங்கே சோதிக்க வழியில்லை. வீட்டில் பொருத்தும் நாளிலேயே, பொருத்த வந்தவர் கிளம்பும் முன், ஒவ்வொரு பர்னரையும் சிம்மில் வைத்து, வழக்கமாக ஓடும் மின்விசிறியையும் ஓட விட்டு ஐந்து நிமிஷம் பாருங்கள். தீ ஒரு பக்கம் படுத்து அணைந்தால் அப்போதே சொல்லிச் சரிசெய்யலாம்.

பர்னர் எதனால் ஆனது என்பது வழிந்த பாலோடு சம்பந்தப்பட்டது. அலுமினியக் கலவை பர்னர் லேசானது, விலை குறைவு. உப்பும் புளியும் கலந்த தண்ணீர் வருஷக்கணக்கில் விழ விழ அரிக்கும். பித்தளை கனமானது, அதிக சூட்டைத் தாங்கும், கழுவித் தேய்க்கலாம். கையில் எடுத்துப் பாருங்கள், கனமே பாதி சொல்லிவிடும். துளைகள் பிசிறில்லாமல், ஒரே அளவில் இருக்க வேண்டும். அவை அடைபட்டால் ஊசியால் மெல்லத் தட்டி அழுக்கை எடுக்கலாம், அகலமாக்கக் கூடாது. பர்னருக்கு அடியில் உள்ள தட்டு தனியாகக் கழன்று வருகிறதா என்று பாருங்கள். வழிந்த கஞ்சி எங்கே போகிறது, அந்த இடத்துக்கு உங்கள் விரல் போகிறதா? விரல் போகாத இடத்தில் கரப்பான் குடியேறும்.

கண்ணாடியா ஸ்டீலா என்ற கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன், ஏனென்றால் அது இந்த இடத்துக்குத்தான் உரியது. அடுப்பின் மேற்கண்ணாடி சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்தியது. மேற்பரப்பு இறுக்கத்திலும் உள்பகுதி இழுப்பிலும் இருக்கும். அதனால் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வலு. ஆனால் உடைந்தால் ஒரு விரிசலோடு நிற்காது. முழுத் தட்டும் சின்னச் சின்னத் துண்டாகச் சிதறும். ஓரத்தில் விழும் அடி, சூடாக இருக்கும்போது ஊற்றும் குளிர்ந்த தண்ணீர், பர்னரை விட்டு வெளியே நீளும் பெரிய பாத்திரம் கீழ்நோக்கித் திருப்பும் சூடு, எல்லாம் இதைத் தூண்டும். கண்ணாடியைத் தயாரிக்கும்போது உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகள் காலப்போக்கில் விரிந்து, யாரும் தொடாமலே வெடிக்க வைப்பதும் உண்டு. என் சித்தி வீட்டில் பொங்கலுக்கு முந்தின நாள் இரண்டு மணி நேரமாக அகலமான பானை ஒன்று அடுப்பில் இருந்தது. இறக்கி வைத்துக் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வெடித்தது. யாருக்கும் காயமில்லை, சோறு மட்டும் போயிற்று. பெரிய பாத்திரத்தில் அதிக நேரம் சமைக்கும் வீடுகளுக்கு நான் ஸ்டீல்தான் சொல்வேன். கீறல் விழும், மங்கும், ஆனால் இருக்கும். நான்கு பேருக்கான சமையல், சுத்தமாகத் துடைக்க வேண்டும் என்ற ஆசை, இரண்டும் இருந்தால் கண்ணாடி தவறே இல்லை. துடைப்பதில் அதற்கு ஈடு கிடையாது.

மேடைக்குள் பதிக்கும் ஹாப் வாங்க நினைப்பவர்கள் அழகுக்கு முன் உயரத்தை யோசிக்க வேண்டும். மேடை மேல் வைக்கும் அடுப்பு தன் காலோடு நாலைந்து அங்குலம் உயரம் கூட்டும். அந்த அடுப்பை மனதில் வைத்துக் கட்டிய மேடையில் ஹாப் பதித்தால் வாணலி திடீரென்று தாழ்ந்துவிடும்; உயரமானவர்களுக்கு இடுப்பு வலிக்கும். மாறாக, குள்ளமானவர் உயர்ந்த மேடையில் கனமான குக்கரைத் தோள்வரை தூக்கி இறக்க வேண்டியிருந்தால் ஹாப் வரம்தான். சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கினால், பாத்திரத்தின் வாய் அதற்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். அளக்க வேண்டியது சமைப்பவரை, மேடை கட்டும் கொத்தனாரை அல்ல. ஹாப்புக்குக் கல்லை வெட்ட வேண்டும், அடியில் காற்றோட்டம் வேண்டும், பிறகு மாற்றினால் அதே அளவு வெட்டுக்குப் பொருந்துவதைத் தேட வேண்டும். வாடகை வீட்டுக்கு இது ஒத்துவராது.

ஆனால் ஹாப்புகளில் பலவற்றில் இருக்கும் ஒரு வசதியை நான் மனதார விரும்புகிறேன்: தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்பது. பர்னர் ஓரத்தில் ஒரு சின்ன உலோகக் குச்சி நிற்கும். தீ சுடும்வரை அதில் மிக மெல்லிய மின்சாரம் உண்டாகும், அது ஒரு வால்வைத் திறந்தே பிடித்திருக்கும். பால் பொங்கி விழுந்து தீ அணைந்தால் குச்சி ஆறும், மின்சாரம் நிற்கும், சில நொடிகளில் வால்வு மூடிக்கொள்ளும். தினமும் பால் காய்ச்சும், பாதி நேரம் வேறு வேலையாக ஹாலுக்குப் போகும் நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வசதி எனக்குத் தெரியவில்லை. மேடை மேல் வைக்கும் அடுப்புகளில் இது அரிது. தேடிக் கேளுங்கள், குறிப்பாக வயதானவர்கள் தனியாகச் சமைக்கும் வீட்டுக்கு. பற்ற வைக்கும்போது குமிழை சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். குச்சியில் படியும் கறையை அவ்வப்போது துடைக்க வேண்டும். அவ்வளவு சிரமம் தாங்கலாம். தானாகப் பற்றும் வசதியோ எனக்கு முக்கியமில்லை, லைட்டர் போதும்.

அணைந்த பர்னரிலிருந்து வரும் கேஸ் எங்கே போகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, காற்றைவிடக் கனம். தரையில் தண்ணீர் மாதிரி பரவித் தேங்கும். மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடிய அலமாரிக்குள் சிலிண்டரை வைத்தால், அந்தக் கதவின் அடிப்பகுதியில், தரையை ஒட்டித் துளைகள் வேண்டும். கேஸுக்கு இயற்கையில் மணம் கிடையாது, கசிவு தெரியவே அதில் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்கு அழைக்க வேண்டும். புது அடுப்பு வாங்கும் நாளில் பழைய டியூபையே மாட்டிவிடாதீர்கள். உள்ளே கம்பி வலையுள்ள சுரக்ஷா டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும்.

குழாய் வழி கேஸ் வரவிருக்கும் பகுதியில் இருப்பவர்கள் ஒன்று கூடுதலாகக் கேட்க வேண்டும். அது மீத்தேன். ஒரே கன அளவில் அதில் உள்ள வெப்பம் சிலிண்டர் கேஸில் உள்ளதில் பாதிக்கும் குறைவு, அழுத்தமும் குறைவு. அதனால் ஜெட்டின் துளை பெரிதாக வேண்டும். இந்த மாடலுக்கு அந்த ஜெட் கிடைக்குமா, யார் வந்து மாற்றுவார்கள் என்று வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குத் திரும்பினால் பழைய ஜெட்டும் திரும்ப வேண்டும். பெரிய துளையில் சிலிண்டர் கேஸ் விட்டால் தீ கட்டுக்கு அடங்காது.

வெளிநாட்டுப் பாணியில் அடியில் ஓவனோடு வரும் குக்கிங் ரேஞ்ச் சிலருக்குப் பிடிக்கும். வாரா வாரம் கேக்கோ ரொட்டியோ சுடும் வீடு என்றால் சரி. மற்றவர்கள் வீட்டில் அந்த ஓவன் தட்டு வைக்கும் அலமாரியாகத்தான் மாறியிருக்கிறது.

அம்மாவின் மூன்று பர்னர் அடுப்பைப் போன வருஷம் மாற்றினோம். செய்தித்தாள் வட்டங்களைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அம்மாவே கடைக்கு வந்தார். மூன்று கடை ஏறி இறங்கி, நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி 34 செ.மீ. இருந்த ஒரு ஸ்டீல் அடுப்பைத் தேர்ந்தெடுத்தார். பித்தளையில் ஒரு பெரிய பர்னர், ஒரு சின்னது. மூன்றாவது பர்னரின் இடத்தில், மேடையின் கோடியில், ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு வெந்நீருக்கும் பாலுக்கும் இருக்கிறது. உப்பு ஜாடி அலமாரிக்குத் திரும்பிவிட்டது.